ஊர்வனவற்றின் விலை

பசுவுக்கு விலை பேசுவோன் அதன் பாலைக் கணக்கிடுகிறான். எருதுக்கு விலை பேசுவோன் அதன் உழைப்பைக் கணக்கிடுகிறான். ஆட்டுக்கு விலை பேசுவோன் அதன் நிறையைக் கணக்கிடுகிறான். பாலும் தராது, ஏரும் இழுக்காது, உணவுக்கும் உதவாது கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு பாம்புக்கு எதைக் கொண்டு விலை பேசுவது? இக்கேள்வி வேடிக்கையானதாகத் தோன்றலாம். ஆயினும், உலகின் பல பாகங்களிற் பாம்பு, பல்லி, ஓணான், ஆமை ஆகியவற்றை வீட்டில் வளர்ப்போர் தொகை மிகப் பெரிது. அவற்றை வாங்குவதற்கும் விற்பதற்கும் கடைகள் உள்ளன, சந்தைகள் கூடுகின்றன. ஜேர்மனியின் ஹாம் நகரில் ஆண்டுக்குப் பலமுறை கூடும் ஊர்வனச் சந்தைக்கு ஐரோப்பாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் வந்து சேர்கின்றனர்.

அத்தகைய சந்தை ஒன்றில் ஒரே வகையைச் சேர்ந்த இரு பாம்புக் குஞ்சுகள் அருகருகே வைக்கப்பட்டிருக்கும். இரண்டும் ஒரு தாய் இட்ட முட்டைகளிலிருந்து ஒரே நாளில் வெளிவந்தவையாக இருக்கலாம். ஒன்றன் விலை ஒரு வேளை உணவின் விலைக்குச் சமம். மற்றதன் விலையோ ஒரு தொழிலாளியின் மாதச் சம்பளத்தையும் விஞ்சும். இரண்டுக்கும் ஒரே உணவு, ஒரே வெப்பம், ஒரே பராமரிப்பு. அவ்வாறாயின் இத்துணை வேறுபாடு எங்கிருந்து வந்தது?

பொருளியலார் கேள்வி, நிரம்பல் என்னும் இரு சொற்களில் இதற்கு விடை கூறிவிடுவர். வேண்டுவோர் பலராயும் பொருள் சிலவாயும் இருப்பின் விலை ஏறும். பொருள் பலவாயும் வேண்டுவோர் சிலராயும் இருப்பின் விலை இறங்கும். இது பொய்யன்று, ஆனால் முழு விடையுமன்று. ஏனெனில், ஊர்வனவற்றின் சந்தையில் அருமை என்பது இரு வகைப்படும். ஒன்று மனிதன் தன் வளர்ப்பு முயற்சியால் உண்டாக்கும் அருமை. மற்றது இயற்கை தானே வைத்த அருமை. முன்னையது காலம் செல்லச் செல்லக் கரைந்துபோகும். பின்னையதோ, வாங்க வாங்க மிகும். இவ்விரண்டையும் பிரித்தறியாதவன் விலைச்சீட்டைப் படித்தும் அதன் பொருளை அறியாதவனாவான்.

முதலில், விலைக்கு அடிப்படையான இனப்பெருக்க வேகத்தை நோக்கலாம். இதனை விளக்குதற்கு அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த இரு பிராணிகளே போதும். ஒன்று தாடி ஓணான். சினந்தபோது தொண்டையைக் கறுப்பாக உப்பச் செய்வதனால் இப்பெயர் பெற்றது. மற்றது ஷிங்கிள்பேக் என வழங்கப்படும் தடித்த அரணை. அதன் வால் தலையைப் போன்றே மழுங்கியிருப்பதால் எது முன், எது பின் என்று காண்போர் மயங்குவர். அவுஸ்திரேலியச் சட்டம் இவ்விரண்டையும் வர்த்தகத்துக்காக நாட்டை விட்டு வெளியே கொண்டுசெல்ல இடங்கொடுப்பதில்லை. எனினும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தாடி ஓணான் ஓர் எளிய வளர்ப்புப் பிராணி. எவரும் வாங்கக்கூடிய விலையில் எங்கும் கிடைக்கிறது. தடித்த அரணையோ அங்கெல்லாம் பெருஞ் செல்வர்க்கே உரிய பொருளாய், பல ஆயிரம் டொலர் விலை பெறுகிறது.

காரணம் முட்டையிலே உள்ளது. தாடி ஓணான் ஒரு முறைக்கு 20 முட்டை வரையில் இடும். சில வேளைகளில் அதற்கு மேலும் இடும். ஓராண்டில் இவ்வாறு பலமுறை இடவல்லது. முன்னொரு காலத்தில் வெளியே கொண்டுசெல்லப்பட்ட சில ஓணான்களின் வழித்தோன்றல்களே இன்று இலட்சக்கணக்காகப் பெருகியுள்ளன. தடித்த அரணையோ முட்டை இடுவதில்லை, குட்டி ஈனுகிறது. ஐந்து மாதமளவு சுமந்து, பெரும்பாலும் இரண்டு குட்டிகளையே ஈனும். அதுவும் எல்லா ஆண்டும் நிகழ்வதன்று. இவ்வரணைகள் ஆண்டுதோறும் முந்தைய துணையையே தேடிச் சேர்வதாக அறிஞர் கண்டுள்ளனர். இத்தகைய பிராணியைக் கோழிப்பண்ணை போலப் பெருக்க இயலாது. ஆகவே அதன் விலை தாழவில்லை. விலை தாழாமையினால் அதனைக் களவாகக் கடத்துவோரும் ஒழியவில்லை. 2022ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியா இவ்வரணையையும் தன் நாட்டுக்கே உரிய வேறு பல பல்லியினங்களையும் சர்வதேசச் சமவாயத்தின் 3ஆம் பின்னிணைப்பிற் சேர்ப்பித்து, பிற நாடுகளின் சுங்கத்தாரும் கவனிக்கும்படி செய்தது.

இனி, மனிதன் உண்டாக்கும் அருமையைப் பார்க்கலாம். இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு மேற்கு ஆபிரிக்காவின் அரச மலைப்பாம்பு. இலங்கையின் மலைப்பாம்பு போன்று இது பெருத்து நீள்வதில்லை. நான்கு ஐந்து அடி வளர்ந்து அமைந்துவிடும். அச்சமுற்றால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். சாந்தமான இயல்பு, சிறிய உடல், முப்பது ஆண்டு வரையில் வாழும் ஆயுள். கானா, டோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பெருந்தொகையாக ஏற்றுமதி செய்யப்பட்டமையால் ஒரு காலத்தில் இது மிக மலிவான பாம்பாயிருந்தது. கறுப்பிலே பழுப்புத் திட்டுகள் அமைந்த அதன் இயற்கை நிறத்துக்கு எவரும் பெருவிலை கொடுத்திலர்.

ஆனால், ஆயிரத்தில் ஒன்றாகவோ பல்லாயிரத்தில் ஒன்றாகவோ, கருநிறமற்று வெண்மையும் மஞ்சளுமாய், செங்கண்களோடு ஒரு பாம்பு காட்டிற் பிறப்பதுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தைச் சேர்ந்த பொப் கிளார்க் என்னும் வளர்ப்பாளர், அத்தகைய குஞ்சுகளை 1992ஆம் ஆண்டில் வளர்ப்பு நிலையிலேயே பொரிக்கச் செய்தார். இந்நிறம் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் ஒரு பரம்பரைப் பண்பு என்பது அதனால் உறுதியாயிற்று. அன்று அத்தகைய ஒரு குஞ்சின் விலை ஆயிரக்கணக்கான டொலர். இன்று அதே வெண்பாம்பு சில நூறு டொலருக்குள் அடங்கிவிடுகிறது. பாம்பு மாறவில்லை, அதன் அழகும் குறையவில்லை. குறைந்தது அருமை ஒன்றே.

இவ்விலையின் ஏற்றமும் இறக்கமும் ஒரு கணக்கைப் பற்றியே நடக்கின்றன. வெண்ணிறத்தைத் தரும் பரம்பரையலகு பின்னிடைவானது. தாய், தந்தை இருபாலாரிடமிருந்தும் பெற்றாலன்றி வெளியே தோன்றாது. வெண்பாம்பு ஒன்றையும் இயல்பான பாம்பு ஒன்றையும் சேர்த்தாற் பிறக்கும் குஞ்சுகள் யாவும் இயல்பான நிறத்தினவே. ஆயினும் ஒவ்வொன்றும் அவ்வலகை மறைவாகச் சுமந்து நிற்கும். அவ்வாறு சுமக்கும் இரண்டைச் சேர்த்தால், நான்கில் ஒரு குஞ்சு வெண்மையாகும் என எதிர்பார்க்கலாம். அரச மலைப்பாம்பு ஒரு முறைக்கு ஏறத்தாழ 6 முட்டைகளே இடும். அந்த ஆறிலும் வெண்குஞ்சு ஒன்றேனும் தோன்றாமற்போவதற்கு நூற்றில் 18 பங்கு வாய்ப்புண்டு. பெண்பாம்பு முதிர்ச்சியடைய மூன்றாண்டு வேண்டும். எனவே, ஒரு வெண்பாம்பிலிருந்து தொடங்கியவன் அடுத்த வெண்பாம்பைக் காண ஆண்டுகள் பல காத்திருத்தல் வேண்டும். தொடக்கத்தில் வாங்கியோர் கொடுத்த பெருவிலை அக்காத்திருப்புக்கும் அந்த இடருக்கும் கொடுத்த விலையே.

வெண்பாம்பு இரண்டு கைக்கு வந்தபின் கதை மாறுகிறது. அவற்றின் குஞ்சுகள் அனைத்தும் வெண்மையே. வாங்கியோர் ஒவ்வொருவரும் வளர்ப்போராகி, விற்போராகியும் விடுகின்றனர். பத்துப் பேரிடம் இருந்தது நூறு பேரிடமும், நூறு பேரிடம் இருந்தது ஆயிரம் பேரிடமும் சேர்கிறது. அப்பொழுது விலை இறங்குவதைத் தடுப்பார் யார்? இதனை அறிந்த வளர்ப்பாளர், ஒரு நிறத்தோடு இன்னொரு நிறத்தைச் சேர்த்துப் புதியதோர் அருமையைத் தேடுகின்றனர். பின்னிடைவான இரு பண்புகளையும் மறைவாகச் சுமக்கும் பாம்புகளைச் சேர்த்தால், அவ்விரண்டும் ஒருங்கே தோன்றும் குஞ்சு பதினாறில் ஒன்று. மூன்று பண்புகளாயின் அறுபத்து நான்கில் ஒன்று. ஆறு முட்டை இடும் பாம்பிடம் பதினாறில் ஒன்றை எதிர்பார்ப்பவன், மூன்று முறையில் இரண்டு முறை வெறுங்கையோடே திரும்புவான். இதனாலேயே புதிய சேர்க்கைகளின் விலை வானளாவுகிறது. இதனாலேயே பழைய சேர்க்கைகளின் விலை தரையைத் தொடுகிறது. இன்றைய அரும்பொருள் நாளைய மலிவுப் பொருள் என்பது இச்சந்தையின் நிலையான விதி.

இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. மறைவாகப் பண்பைச் சுமக்கும் பாம்புக்கும், அதனைச் சுமக்காத பாம்புக்கும் புறத்தோற்றத்தில் வேறுபாடில்லை. இரண்டு சுமப்பனவற்றின் வழிவந்த இயல்பான குஞ்சுகளில் மூன்றில் இரண்டு அதனைச் சுமக்கும். எந்த இரண்டு என்பதைக் கண்ணாற் காண முடியாது. அதற்கு விலை கொடுப்போன் பாம்புக்கு விலை கொடுப்பதில்லை. விற்போனின் சொல்லுக்கும், அவன் எழுதிவைத்த குறிப்பேட்டுக்குமே விலை கொடுக்கிறான். பாம்பு கழற்றிய சட்டையைக் கொண்டு பரம்பரையலகைச் சோதித்தறியும் முறை அண்மை ஆண்டுகளில் வந்துள்ளது. ஆயினும் பல இடங்களில் நாணயமே இன்னும் உரைகல்லாக இருக்கிறது. நம்பத்தக்கவன் என்ற பெயர் பெற்ற வளர்ப்பாளனின் குஞ்சு, பெயரறியாதவனின் குஞ்சைவிட விலை கூடியிருப்பதன் காரணம் இதுவே.

நிறத்துக்கு அடுத்தபடியாகப் பாலும் வயதும் உடல்நிலையும் விலையைத் தீர்மானிக்கின்றன. ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதுமாதலின், இனப்பெருக்கத்தை நாடுவோர் பெண்ணுக்கே கூடுதலாகக் கொடுப்பர். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியா ஆகிய நாடுகளின் வறண்ட நிலங்களுக்குரிய சிறுத்தைப் பல்லியில் இது விந்தையாக அமைந்துள்ளது. அதன் முட்டையில் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டையைச் சூழ்ந்த வெப்பமாகும். 26 பாகை செல்சியஸ் அளவில் வைத்தாற் பெரும்பாலும் பெண்; 32 பாகை அளவில் வைத்தாற் பெரும்பாலும் ஆண். அடைகாக்கும் பெட்டியின் திருகைச் சற்றுத் திருப்புவதனால் விற்பனைக்கு வரும் பாலை வளர்ப்பாளன் தானே தேர்ந்துகொள்கிறான். ஒழுங்காக உணவுண்ணும் குஞ்சுக்கு ஒரு விலை. உண்ண மறுக்கும் குஞ்சுக்கு வேறு விலை. இனம்பெருக்கும் பருவத்தை எட்டிய பெண்ணுக்கு, மூன்றாண்டுத் தீனியும் மூன்றாண்டு உழைப்பும் சேர்ந்த விலை.

இவ்வாறு உருவாகும் விலைக்குள் பிராணியின் நலம் எங்கே நிற்கிறது? இக்கேள்வியை இரு நிகழ்ச்சிகள் எழுப்பியுள்ளன. 1999ஆம் ஆண்டில் அரச மலைப்பாம்பில் சிலந்தி எனப் பெயரிடப்பட்ட ஒரு நிறவகை வளர்ப்பில் நிலைபெற்றது. சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகளை உடைய அப்பாம்பு பெருவிலைக்கு விற்றது. ஆனால் அவ்வகைப் பாம்புகளின் தலை நடுங்கும்; சிலவற்றின் கழுத்து திருகித் திரும்பும்; இரையைக் குறிவைத்துக் கௌவ இயலாது தவிக்கும். 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அவற்றின் உட்செவியில் உடலின் சமநிலையைக் காக்கும் பகுதிகள் பழுதாய் அமைந்துள்ளமையைக் காட்டியது. நிறமும் நடுக்கமும் ஒன்றாகவே பரம்பரையில் வருகின்றன. ஒன்றை விட்டு ஒன்றைப் பெறுதற்கு வளர்ப்பாளர்க்கு இதுவரை வழி கிடைத்திலது.

இரண்டாவது நிகழ்ச்சி சிறுத்தைப் பல்லியைப் பற்றியது. எலுமிச்சைப் பனி என்னும் பொருள்படப் பெயர்பெற்ற ஒரு புதிய நிறவகை தோன்றியபோது, அதன் வெண்மஞ்சட் பொலிவுக்குப் பலர் பெரும்பணம் கொடுத்தனர். சில ஆண்டுகளில் அப்பல்லிகளின் தோலில் வெண்ணிறக் கட்டிகள் தோன்றலாயின. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சலிஸ் பிரிவைச் சேர்ந்த அறிஞர் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, அந்நிறத்துக்கும் அக்கட்டிகளுக்கும் காரணமான பரம்பரையலகைக் கண்டுகாட்டியது. வெண்ணிறத்தைத் தரும் கலங்கள் அளவின்றிப் பெருகுவதே அழகாகவும் நோயாகவும் வெளிப்படுகின்றது. அவ்வகைப் பல்லிகளில் நூற்றுக்கு 80க்கு மேற்பட்டவை கட்டிகளுக்கு ஆளாயின. உண்மை வெளிப்பட்டபின் பல வளர்ப்பாளர் அவ்வகையைப் பெருக்குவதை நிறுத்தினர். விலை உயர்ந்திருந்த காலத்தில் அப்பணம் நோய்க்கே கொடுக்கப்பட்டது என்பதனை வாங்கியோர் அறிந்திலர்.

மனிதன் உண்டாக்கிய அருமையின் தன்மை இவ்வாறிருக்க, இயற்கை வைத்த அருமையின் போக்கு இதற்கு நேர்மாறானது. முதலில் வியப்பான ஒன்றைக் கூறவேண்டும். பெருந்தொகையாக வாழும் இனத்தில், காட்டிற் பிடிபட்ட பாம்பு வளர்ப்பிற் பிறந்த பாம்பைவிட மலிவானது. உண்ணியும் குடற்புழுவும் கொண்டு, பயணத்தால் நலிந்து, எலியைக் கண்டும் வாய் திறவாது கிடக்கும் அதனை வாங்குதற்கு அறிந்தோர் அஞ்சுவர். காட்டிலிருந்து பிடிப்பவனுக்குக் கிடைப்பது சிறுதொகை. அவனிடமிருந்து ஊர்த் தரகன், தரகனிடமிருந்து ஏற்றுமதியாளன், அவனிடமிருந்து இறக்குமதியாளன், பின்பு கடைக்காரன் என்று கை மாறுந்தோறும் விலை ஏறுகிறது. வழியில் இறந்தவற்றின் விலையும் உயிர்தப்பியவற்றின் தலையிலேயே சுமத்தப்படுகிறது. காட்டுக்கோ எவரும் எதுவும் கொடுப்பதில்லை. காட்டுப் பிராணி மலிவாயிருத்தற்கு அதுவே மூலகாரணம். அதை உண்டாக்கியதற்குக் கூலி கேட்க ஒருவருமில்லை.

ஆனால், ஓர் இனம் சிறியதோர் இடத்திலே மட்டும் வாழ்வதாயின் நிலைமை வேறாகிறது. கிழக்குத் தான்சானியாவிற் கிம்போசா என்னும் காடும் அதனை அடுத்த சில இடங்களும் ஒரு சின்னஞ்சிறு பல்லிக்கு உறைவிடமாகும். அதன் ஆண் மின்னும் நீலநிறம். பெண் பச்சையும் வெண்கலமும் கலந்த நிறம். தாழையினத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் இலைக்கூட்டிலே மட்டும் அது வாழ்கிறது. 2004ஆம் ஆண்டின் இறுதி தொடங்கி 2009ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரையில் அச்சிறு காட்டிலிருந்து குறைந்தது 32,000 பல்லிகள் பிடிக்கப்பட்டன என ஆராய்ந்தோர் மதிப்பிட்டனர். உயர இருந்த பல்லியைப் பிடிக்கும்பொருட்டுத் தாழையையே வெட்டிச் சாய்த்தனர். பல்லி போனதோடு அது வாழ்தற்குரிய வீடும் போயிற்று. 2016ஆம் ஆண்டில் ஜோகனஸ்பேர்க்கிற் கூடிய மாநாடு அப்பல்லியின் வர்த்தகத்தை முற்றாகத் தடைசெய்யும் 1ஆம் பின்னிணைப்பில் அதனைச் சேர்த்தது.

அறிஞரின் ஆய்வுக் கட்டுரையே விலையேற்றத்துக்குக் காரணமாகிவிடுவதும் உண்டு. இந்தோனேசியாவின் ரோட்டே தீவில் பாம்புபோல் நீண்ட கழுத்தையுடைய ஓர் ஆமை இருந்தது. அது தனியோர் இனம் என 1994ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டதும் சேகரிப்போர் அனைவரும் அதனை நாடினர், விலை ஏறியது, சில ஆண்டுகளில் அத்தீவின் சதுப்பு நிலங்களில் அதனைக் காண்பதே அரிதாயிற்று. தென்சீனாவில் 1999ஆம் ஆண்டில் ஒரு பல்லியினம் விவரிக்கப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. விவரிக்கப்பட்ட இடத்திலேயே அது இல்லாதொழிந்தது. இன்று பல அறிஞர், புதிய இனத்தைக் கண்டறிந்தால் அது வாழும் இடத்தை வெளியிடாது மறைத்துவிடுகின்றனர்.

இதிலுள்ள கொடுமையை ஊன்றி நோக்குதல் வேண்டும். சாதாரணப் பண்டம் குறைந்தால் அதனைத் தேடும் செலவு மிகும். செலவு வருவாயை விஞ்சியவுடன் தேடுவோர் விலகிவிடுவர். எஞ்சியவை பிழைத்துப் பெருகும். மீன்பிடியிற் பல வேளைகளில் இவ்வாறு நிகழ்வதுண்டு. ஆனால் அருமையையே விரும்பி வாங்குவோர் இருக்குமிடத்தில், குறையக் குறைய விலையும் ஏறுகின்றது. கடைசியாக எஞ்சியதே எல்லாவற்றிலும் விலைமிக்கதாகின்றது. தேடும் செலவு எவ்வளவு மிகுந்தாலும் தேடுவோர் விலகமாட்டார். ஆகவே, இயற்கையில் அரிதானதன் விலை அதன் அழிவைத் தடுப்பதில்லை, அழிவுக்கு வழிகாட்டுகிறது.

இவ்வுண்மை இலங்கைக்கும் நேரே உரியது. இந்நாட்டின் மலைகளில் உலகின் வேறெங்கும் காணப்படாத ஓணான்கள் உள. மூக்கின் நுனியிற் கொம்பு தாங்கியவை சில. அவற்றுள் ஒன்று ஹோட்டன் சமவெளியிலும் நுவரெலியாப் பகுதியிலும் வாழ்வது, வெண்ணிறக் கூர்ங்கொம்புடையது. மூக்கில் இலைபோன்ற உறுப்பைத் தாங்கியது நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு உரியது. இறக்குவானை மலைகளுக்கு மட்டும் உரிய இரண்டு இனங்கள் 1998ஆம் ஆண்டிலேதான் அறிவியலுக்கு அறிமுகமாயின. குட்டி ஈனும் சிற்றோணான்களும், மூக்கிற் குமிழ் தாங்கிய பேரோணானும் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவற்றைப் பிடிப்பதையும் ஏற்றுமதி செய்வதையும் தடுக்கின்றன. ஆயினும் ஐரோப்பியச் சந்தைகளில் இவ்வோணான்கள் விற்பனைக்கு வந்தன.

அது எவ்வாறு இயன்றது? களவு நிகழ்ந்தது இலங்கையில். விற்பனை நிகழ்ந்தது வேறு நாட்டில். சர்வதேசப் பட்டியலில் இடம்பெறாத ஒரு பிராணியை விற்றவனிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்நாட்டுச் சட்டத்துக்கு இடமிருக்கவில்லை. சட்டத்தின் இவ்வெல்லையே அவற்றின் விலைக்கு ஓர் உறுப்பாயிற்று. எல்லையைத் தாண்டும் வரையில் களவுப் பொருள். தாண்டியபின் கடைப் பொருள். அதனால் இலங்கை இதனைச் சர்வதேசச் சமவாயத்தின் முன் கொண்டுசென்றது. 1973ஆம் ஆண்டில் வாஷிங்டனில் உருவான அச்சமவாயத்தில் இலங்கை 1979ஆம் ஆண்டில் இணைந்தது. அதன் 18ஆவது மாநாடு 2019ஆம் ஆண்டு மே மாதத்திற் கொழும்பிலே கூடவிருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஜெனீவாவிற் கூடியது. இறக்குவானைக்குரிய இரு இனங்களும் நக்கிள்ஸின் இலைமூக்கு ஓணானும் குட்டி ஈனும் இரு இனங்களும் அம்மாநாட்டில் 1ஆம் பின்னிணைப்பில் இடம்பெற்றன. ஏனைய சில, காட்டிற் பிடித்தவற்றை வர்த்தகத்துக்கு ஏற்றுமதி செய்யாத நிபந்தனையுடன் 2ஆம் பின்னிணைப்பிற் சேர்க்கப்பட்டன. வறண்ட பிரதேசங்களில் வாழும் நட்சத்திர ஆமையும், இலங்கையும் இந்தியாவும் உள்ளிட்ட நாடுகளின் வேண்டுகோளின்படி 1ஆம் பின்னிணைப்புக்கு உயர்த்தப்பட்டது. ஓட்டிலுள்ள நட்சத்திரக் கோலமே அவ்வாமைக்கு அழகும் ஆபத்தும் ஆகும்.

சட்டம் ஒன்றே போதுமா? மடகஸ்காரின் பாலி விரிகுடாவை அடுத்துவாழும் கொழு ஆமையின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது. கழுத்தின் கீழ் கலப்பைக் கொழுப்போல நீண்ட ஓடுடைய அவ்வாமை, 1975 முதல் 1ஆம் பின்னிணைப்பில் உள்ளது. இருந்தும் 2013ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாங்கொக் விமான நிலையத்தில் 54 கொழு ஆமைகள் ஒரே பயணப் பொதியிற் பிடிபட்டன. காட்டில் எஞ்சியிருந்தவற்றுள் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட தொகை அது என அன்று மதிப்பிடப்பட்டது. தடையால் விலை ஏறியது; ஏறிய விலை கள்வனுக்குக் கூலியாயிற்று. ஆகவே பாதுகாவலர் விலையையே தாக்க முற்பட்டனர். ஆமையின் பொன்னிற ஓட்டில் பெரிய இலக்கங்களை ஆழப் பொறித்தனர். அழகு கெட்டதனால் சேகரிப்போர்க்கு அதன் மீதுள்ள ஆசை குறையும், கள்வனும் பிடிபடுவான். ஓர் உயிரைக் காத்தற்கு அதன் அழகைக் குலைத்தல் ஒன்றே வழியாயிற்று என்பது இச்சந்தையின் மீது எழுதப்பட்ட தீர்ப்பாகும்.

மலிவும் எப்பொழுதும் நன்மையன்று. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலப் பண்ணைகளிற் பெருந்தொகையாக வளர்க்கப்பட்ட செங்காது ஆமைக் குஞ்சு, நாணயமளவு உருவமும் அதற்கேற்ற விலையும் உடையது. சிறுவர் அதனை வாயில் வைத்ததனால் சல்மொனெல்லா நோய் பரவிற்று. 1975ஆம் ஆண்டில் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்றல் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. ஏனைய நாடுகளுக்கு அனுப்பப்பட்டவை தட்டளவு வளர்ந்ததும் குளங்களில் விடப்பட்டு, அங்குள்ள ஆமைகளோடு போட்டியிடலாயின. 1997ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றின் இறக்குமதியைத் தடுத்தது. பச்சை இகுவானா என்னும் பேரோணானும் இத்தகையதே. விரலளவுக் குஞ்சு சில டொலர். சில ஆண்டுகளில் அது ஐந்தடி நீளமாகி ஓர் அறையையே வேண்டி நிற்கும். புளோரிடாவின் தோட்டங்களில் இன்று அவை காட்டுயிராய்த் திரிகின்றன.

உண்மையில், பிராணிக்குக் கொடுக்கும் பணம் முதற் தவணை மட்டுமே. குளிர்நாட்டில் ஊர்வனவற்றை வளர்ப்போர்க்கு வெப்பவிளக்கு வேண்டும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி வேண்டும். கழியூதாக் கதிர் தரும் விளக்கும் பல இனங்களுக்கு வேண்டும். அக்கதிரின்றேல் உடல் கல்சியத்தை ஏற்காது. எலும்பு மெலிந்து வளையும். உணவு, மின்சாரம், மருத்துவம் ஆகியவற்றுக்கு ஓராண்டிற் செலவாவது, பல வேளைகளிற் பிராணியின் விலையைப் பன்மடங்கு விஞ்சும். முப்பதாண்டு வாழும் பாம்பை வாங்குவோன் முப்பதாண்டுக் கடமையை வாங்குகிறான். சந்தையிலுள்ள விலைச்சீட்டு அதனைச் சொல்வதில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, வளர்ப்பு ஊர்வனவற்றின் விலையைத் தீர்மானிப்பன பல: இனம்பெருகும் வேகம், நிறத்தின் புதுமை, பரம்பரைக் கணக்கு, பால், வயது, உடல்நிலை, விற்போனின் நாணயம், சட்டத்தின் இறுக்கமும் இடைவெளியும். இவையனைத்துக்கும் அடியில் நிற்பது அருமை. அவ்வருமை மனிதனின் பொறுமையாலும் உழைப்பாலும் விளைந்ததாயின், பெருகப் பெருக அது மலிந்து யாவர்க்கும் கிடைப்பதாகும். அதனால் எக்காடும் வெறுமையாவதில்லை. அங்கே வாங்குவோன் கேட்கவேண்டிய கேள்வி, இந்நிறத்துக்காக இவ்வுயிர் எதனைத் துன்புறுகிறது என்பதே. அவ்வருமை ஒரு மலைச்சரிவுக்கோ ஒரு தாழங்காட்டுக்கோ மட்டும் உரியதாயின், கொடுக்கப்படும் பணம் அடுத்ததையும் பிடித்துவருவதற்கு விடுக்கும் அழைப்பாகும். அங்கே கேட்கவேண்டிய கேள்வி இன்னும் எளியது: இது எங்கே பிறந்தது? இதற்குச் சான்றோடு விடைகூற இயலாத விற்பனையாளனிடம், எந்த விலையும் மலிவான விலையன்று.